‘இத்தாலிய பாணியில் விவாகரத்து’ (1961): ரொசாலியாவுக்குப் படம் நியாயம் செய்கிறதா?

மாலைக்காட்சி எழுதியது:

பியெத்ரோ ஜெர்மியின் இந்தப் படத்தைப் பற்றி வேறோர் இழையில் பேச்சு எழுந்தது. அங்கே பேசினால் அந்த இழை திசைமாறிவிடும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம். எனவே படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

சிசிலியில் அக்ராமொன்தே என்றொரு கற்பனை ஊர். (ராகுசா இப்லா, இஸ்பிகா போன்ற நிஜ ஊர்களில் படமாக்கியிருக்கிறார்கள்.) அங்கே நொடித்துப்போன ஒரு பிரபுக் குடும்பம். அதன் வாரிசான ஃபெர்தினாந்தோ செஃபலுவை எல்லோரும் ஃபெஃபே என்று அழைக்கிறார்கள். வயது 37, வேலை என்று எதுவும் கிடையாது. மார்செல்லோ மாஸ்த்ரொயானி அந்தப் பாத்திரத்துக்காகத் தம் அழகையெல்லாம் ஒரு சோம்பேறியின் பகட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறார்: எண்ணெய் மினுங்கப் படிய வாரிய தலை, மெல்லிய மீசை, கறுப்புக் கண்ணாடி, நீண்ட சிகரெட் குழல், இவற்றுக்கு மேலாக வாயோரத்தில் நொடிக்கொரு முறை வந்துபோகும் ஒரு வெட்டிழுப்பு. அவனுடைய மனைவி ரொசாலியா அவனை விட்டு இமைப்பொழுதும் பிரியாதவள். தன்னை நேசிக்கிறானா என்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருப்பவள். அவனுக்கோ அதே மாளிகையின் இன்னொரு பகுதியில் வாழும் உறவுக்காரப் பெண் ஆஞ்செலாவின் மீது கண். அவளுக்குப் பதினாறு வயது.

அன்றைய இத்தாலியில் விவாகரத்து இல்லை. ஆனால் மனைவியை வேறொருவனோடு கண்டு, மானம் போன ஆத்திரத்தில் கொன்றுவிட்டால் சில ஆண்டுச் சிறையோடு வெளியே வந்துவிடலாம். ஆகவே ஃபெஃபே தன் மனைவிக்கு ஒரு காதலனைத் தேடிக் கொடுக்கும் வேலையில் இறங்குகிறான். வழக்கமான கேலி நாடகங்களில் கணவன் ஏமாளி, மனைவி கெட்டிக்காரி. இங்கே நிலைமை தலைகீழ். மனைவியின் பத்தினித்தனம்தான் கணவனுக்கு முட்டுக்கட்டை. அவள் எப்போது தடுமாறுவாள் என்று அவன் பொறுமையிழந்து தவிப்பதுதான் படத்தின் நகைச்சுவை முழுவதும்.

முதலில் இதை ஒரு கனமான சோகப் படமாக எடுக்கவே ஜெர்மி நினைத்திருந்தார். எழுதத் தொடங்கிய பிறகு, கௌரவக் கொலை என்ற விஷயமே உள்ளுக்குள் அபத்தமானது என்று பட்டு, நகைச்சுவைக்குத் திரும்பினார். எனியோ தெ கொன்சினி, அல்ஃப்ரெதோ ஜன்னெத்தி, ஜெர்மி மூவருக்கும் திரைக்கதைக்கான ஆஸ்கார் கிடைத்தது. 1962 கான் விழாவில் சிறந்த நகைச்சுவைப் படத்துக்கான பரிசும் வந்தது. பின்னாளில் ஒரு முழுத் திரைப்பட வகைக்கே இந்தத் தலைப்பிலிருந்துதான் பெயர் பிறந்தது.

என் கேள்வி இதுதான்: ஒரு பெண்ணைக் கொல்லத் திட்டமிடும் கதையைப் பார்த்து நாம் இவ்வளவு சிரிக்கிறோமே, படம் அந்தச் சிரிப்பைச் சட்டத்தின் பக்கம் திருப்புகிறதா, அல்லது கடைசிவரை அவள் மேலேயே விட்டுவிடுகிறதா? சட்டத்தின் பக்கம்தான் என்பது என் நிலைப்பாடு.

வெயில்பறவை எழுதியது:

தொடங்கி வைத்ததற்கு நன்றி. உங்கள் நிலைப்பாட்டை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

ரொசாலியாவாக நடித்த டேனியலா ரோக்கா கத்தானியாப் பக்கத்துப் பெண். அழகுப் போட்டியில் வென்று திரையுலகுக்கு வந்தவர். அவருடைய புருவங்களை ஒன்றாக இணைத்து, மேலுதட்டில் பூனைமயிர் ஒட்டி, சிரித்தால் எரிச்சல் வரும்படி ஒரு சிரிப்பையும் கொடுத்து, ‘இவளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?’ என்று நம்மைக் கேட்க வைக்கிறார்கள். அவளுடைய குற்றம் என்ன? கணவனை நேசிக்கிறாள், அதைச் சத்தமாகச் சொல்கிறாள். அவ்வளவுதான். ஃபெஃபேயிடம் சோம்பேறித்தனம், பொய், கோழைத்தனம், கொலைவெறி என எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவனுக்கு மாஸ்த்ரொயானியின் முகம் கிடைத்துவிட்டது. படம் முடிந்து வெளியே வருபவர்கள் அவனுடைய வாயிழுப்பை நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். இறந்துபோனவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுபவர் யாருமில்லை.

சோப்புக் காய்ச்சும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் அண்டாவை ரொசாலியா துழாவிக்கொண்டிருக்கிறாள். ஃபெஃபே தன் மனக்கண்ணில் அவளைக் குத்தி அதே அண்டாவுக்குள் தள்ளிக் கலக்குகிறான். இன்னோரிடத்தில் கடற்கரைப் புதைமணலில் அவள் மெல்ல மெல்ல அமிழ்கிறாள். வேறோரிடத்தில் ராக்கெட்டில் ஏற்றி வானத்துக்கு அனுப்புகிறான். மூன்று முறையும் அரங்கம் வெடித்துச் சிரிக்கும். அந்த நேரத்தில் எந்தப் பார்வையாளர் சட்டத்தை நினைக்கிறார்? ஒரு வாயாடி மனைவி ஒழிந்தாள் என்றுதானே சிரிக்கிறார்கள்?

கருப்புக்கோட்டு எழுதியது:

சட்டத்தின் நிலையைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாகும் என்பதால் குறுக்கிடுகிறேன்.

முசோலினி காலத்தில், 1930இல் வந்த இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 587ஆம் பிரிவு இப்படிச் சொன்னது: தன் துணையோ மகளோ சகோதரியோ முறையற்ற உடலுறவில் இருப்பதைக் கண்டறிந்த அக்கணத்தில், தன் மானத்துக்கோ குடும்ப மானத்துக்கோ நேர்ந்த இழுக்கால் எழுந்த ஆத்திரத்தில் கொலை செய்பவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. சாதாரணக் கொலைக்கு அதே சட்டத்தில் குறைந்தது 21 ஆண்டு. மனைவியின் கள்ளத்தொடர்பு 559ஆம் பிரிவின்படி குற்றம். கணவனுக்கோ அடுத்த பிரிவு, ஒரு வைப்பாட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டாலோ ஊரறிய வெளியே வைத்துக்கொண்டாலோ மட்டுமே பொருந்தும். அந்த 559ஐ அரசியல் சாசன நீதிமன்றம் 1968, 1969ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் நீக்கியது. 587 மட்டும் 1981 ஆகஸ்டு வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. படம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள்!

ஃபெஃபேயின் திட்டத்தை இந்தப் பிரிவோடு பொருத்திப் பார்த்தால்தான் திரைக்கதையின் கூர்மை புரியும். சட்டம் கேட்பவை மூன்று: கள்ள உறவு, அதைக் கண்ட கணம், கண்டவுடன் எழும் ஆத்திரம். முதலாவதை அவன் ஆள் வைத்து ஏற்பாடு செய்கிறான். போரில் இறந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த ஓவியன் கார்மெலோ பட்டானே ஒருகாலத்தில் ரொசாலியாவை விரும்பியவன். அவன் உயிரோடிருப்பது தெரிந்ததும், மாளிகையின் கூரை ஓவியங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லி அவனை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறான். இரண்டாவது அவன் கையை மீறிப் போகிறது. இருவரும் அவனிடம் அகப்படாமல் ரயிலேறிவிடுகிறார்கள். துப்பாக்கியோடு வந்தவன் காலி வீட்டில் நிற்கிறான்.

இப்போது அவனுக்கு ஆத்திரத்தைத் தயாரிக்கும் வேலை வந்து சேர்கிறது. ஊரார் சிரிக்க வேண்டும், மொட்டைக் கடிதங்கள் வர வேண்டும், தங்கையின் நிச்சயதார்த்தம் முறிய வேண்டும், குடும்பம் தலைகுனிய வேண்டும். இவையெல்லாம் நாளை நீதிமன்றத்தில் சான்றுகள் ஆகும். ஒவ்வோர் அவமானத்தையும் அவன் சேமிப்புக் கணக்கில் வரவு வைப்பதுபோல் வரவு வைக்கிறான். ‘திடீர் ஆத்திரம்’ என்று சட்டம் சொல்வதைத் தவணை முறையில் சேர்க்கும் ஒரு மனிதனைக் காட்டியதைவிடக் கடுமையாக 587ஆம் பிரிவை எந்த வழக்கறிஞரும் தாக்கியிருக்க முடியாது. இறுதியில் அவனுக்குக் கிடைக்கும் தண்டனை மூன்று ஆண்டு, அதாவது சட்டம் அனுமதித்த குறைந்தபட்சம். அதிலும் பொதுமன்னிப்பால் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது.

மூன்றாம்மணி எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். விவாகரத்து இல்லாவிட்டாலும் பிரிந்து வாழலாம், திருச்சபை வழியாகத் திருமணத்தைச் செல்லாததாக்கலாம் என்று படித்திருக்கிறேன். கொலை வரை ஏன் போக வேண்டும்?

கருப்புக்கோட்டு எழுதியது:

பிரிந்து வாழலாம், ஆனால் மறுமணம் செய்ய முடியாது. செல்லாததாக்கும் அதிகாரத்தை, 1929இல் வத்திக்கானோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, திருச்சபை நீதிமன்றங்களிடம் அரசு விட்டிருந்தது. அந்த வழக்குக்குக் காலமும் பணமும் செல்வாக்கும் வேண்டும். ஃபெஃபேயிடம் காலம் மட்டுமே தாராளமாக இருந்தது. மேலும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். ‘அலுத்துவிட்டது’ என்பது காரணம் ஆகாது.

தெற்குச்சாளரம் எழுதியது:

வெயில்பறவை அவர்கள் எழுப்பியிருப்பதுதான் இந்தப் படத்தின் மையக் கேள்வி என்று எனக்கும் படுகிறது. ஆனால் ரொசாலியாவின் புருவமும் மீசையும் யாருடைய கண்ணில் தெரிகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். படம் முழுவதும் ஃபெஃபேயின் குரல்தான் கதை சொல்கிறது. ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டே, ஊரின் மக்கள்தொகையையும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கணக்கையும் தேவாலயங்களின் எண்ணிக்கையையும் ஒரு சுற்றுலா வழிகாட்டியைப் போல அடுக்கியபடி தொடங்குகிறான். கொன்றுவிட்டுத் தண்டனையும் முடித்துத் திரும்புபவன் அவன் என்பது அப்போது நமக்குத் தெரியாது. ஆக, நாம் பார்ப்பது ரொசாலியாவை அல்ல. கொலைக்காரன் தன் கொலையை நியாயப்படுத்துவதற்காக நமக்கு வரைந்து காட்டும் ரொசாலியாவை.

இதை ஜெர்மி தற்செயலாகச் செய்யவில்லை என்பதற்கு நீதிமன்றக் காட்சி சான்று. காதலனைக் கொன்ற மரியன்னினா தெர்ரநோவா என்ற பெண்ணின் வழக்கைக் கேட்க ஃபெஃபே போகிறான். வழக்கறிஞர் தெ மார்சி கைகளை விரித்து, குரலை ஏற்றி இறக்கி, மானம், கண்ணீர், பரம்பரை என்று பொழிந்து தள்ளுகிறார். அதைக் கேட்டது முதல் அந்த வழக்கறிஞரின் குரல் ஃபெஃபேயின் தலைக்குள் குடியேறிவிடுகிறது. இனி அவன் செய்யப்போகும் ஒவ்வொன்றுக்குமான வாதத்தை, அதைச் செய்வதற்கு முன்பே அந்தக் குரல் பேசத் தொடங்குகிறது. திரையில் ஒருவன் சதி செய்துகொண்டிருப்பான். பின்னணியில் அவன் ஓர் அப்பாவிக் கணவனாக வர்ணிக்கப்படுவான். ஒரே நேரத்தில் குற்றமும் தற்காப்பு வாதமும்! கண்ணும் காதும் இரண்டு வேறு கதைகளைக் கேட்பதில் வரும் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பு ரொசாலியாவின் மேல் விழ வழியே இல்லை.

இன்னொன்று ஒலிநாடாக் காட்சி. கார்மெலோவும் ரொசாலியாவும் தனியாக இருக்கும் அறையில் ஒலிவாங்கியை மறைத்து வைத்து, கம்பியைத் தன் அறைவரை இழுத்துக்கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுக் கேட்கிறான். எவ்வளவு நுட்பமான இடம் பாருங்கள். அவன் முகத்தில் பொறாமை இல்லை. பந்தயக் குதிரையின் மேல் பணம் கட்டியவனுடைய பதற்றம்தான் இருக்கிறது. ‘சொல், சொல்லிவிடு’ என்று உள்ளுக்குள் துடிக்கிறான். முக்கியமான இடம் வரும்போது நாடா தீர்ந்துவிடுகிறது. அந்தக் காட்சியில் நாம் முதன்முறையாக ரொசாலியாவைப் பார்க்காமல் கேட்கிறோம். புருவமும் மீசையும் அங்கே கிடையாது. ஒரு பழைய காதலின் முன்னால் தயங்கும் பெண்ணின் குரல் மட்டும். ஃபெஃபேயின் கண்ணிலிருந்து அவள் தப்பிக்கும் ஒரே இடம் அவனுடைய காது. இதற்கு மேல் ஓர் இயக்குநர் என்ன செய்ய முடியும்?

வெயில்பறவை எழுதியது:

ஒலிநாடாக் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதை மறுபடி பார்த்தேன். அது அருமையான கவனிப்பு, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் ‘இதற்கு மேல் என்ன செய்ய முடியும்’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஓடிப்போன பிறகு ரொசாலியா எப்படி இருந்தாள் என்று ஒரு காட்சி வைத்திருக்கலாம். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அன்பு கார்மெலோவிடம் கிடைத்ததா, அந்த நாட்களில் அவள் மகிழ்ச்சியாக இருந்தாளா என்று நமக்குத் தெரிவதே இல்லை. கொலைக்காரனின் கண்தான் படம் என்றால், கொலைக்காரன் இல்லாத இடத்தில் கேமராவும் இல்லை. அது கலை நேர்த்தியாக இருக்கலாம். கலை நேர்த்தியும் நியாயமும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை.

‘கண்ணோட்டம்’ என்ற வாதம் எல்லாவற்றையும் மன்னிக்கும் துணியாகவும் ஆகிவிடக் கூடாது. ஆஞ்செலாவாக நடித்த ஸ்டெபானியா சான்ட்ரெல்லி 1946இல் பிறந்தவர். படம் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினைந்து. குளியலறைச் சாளரத்தின் வழியே ஃபெஃபே அவளைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும்போது கேமராவும் சேர்ந்தே பார்க்கிறது. அங்கே எந்த எள்ளலும் இல்லை. அவளுடைய நாட்குறிப்பைக் கைப்பற்றிய தந்தை, மருத்துவச்சியை வரவழைத்து அவளுடைய கன்னித்தன்மையைச் சோதிக்க வைக்கிறாரே, அந்த இடத்தில் படத்தின் கோபம் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. சாளரத்தருகே அது கேட்கவில்லை.

மாலைக்காட்சி எழுதியது:

சாளரக் காட்சியைப் பற்றிய உங்கள் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. அதை நான் தற்காக்கப் போவதில்லை.

ஆனால் இது ஒரு தம்பதியின் கதை மட்டுமல்ல, ஓர் ஊரின் கதை என்பதை நாம் இன்னும் தொடவே இல்லை. ஃபெஃபேயின் திட்டம் ஊராரின் ஒத்துழைப்பு இல்லாமல் ஓர் அடியும் நகராது. அவர்களுக்குத் திட்டம் தெரியாது, அதனால்தான் அது இன்னும் அபத்தமாகிறது. ஃபெல்லினியின் ‘லா தோல்சே வீத்தா’ ஊருக்கு வருகிறது. பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து அதைக் கண்டிக்கிறார். கண்டித்ததே விளம்பரமாகிவிட, திரையரங்கு நிரம்பி வழிகிறது. அனிதா எக்பெர்க் ஆடும்போது வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்கள் கூட்டத்தை ஜெர்மி நிதானமாகக் காட்டுகிறார். தலைவலி என்று ரொசாலியா வீட்டில் தங்கிவிட்டது அந்த மாலையில்தான். அந்தப் படத்தின் நாயகனும் மாஸ்த்ரொயானிதான் என்பது ரசிகர்களுக்கு ஒரு கூடுதல் குறும்பு.

இதே ஆண்கள்தான் இரண்டு நாளில் ரொசாலியாவுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகக் காட்சி நினைவிருக்கும். வடக்கிலிருந்து வந்த நிர்வாகி ஒருவர் பெண் விடுதலையைப் பற்றிச் சொற்பொழிவாற்றி, ரொசாலியா என்ற அந்தப் பெண்ணைப் பற்றி உழைக்கும் வர்க்கத்தின் கருத்து என்ன என்று பக்குவமாகக் கேட்கிறார். கூடியிருந்த தோழர்கள் அனைவரும் ஒரே குரலில் ‘வேசி!’ என்கிறார்கள். தேவாலயம், கட்சி, பிரபுக்கள் சங்கம், தெருமுனை என எல்லாம் முட்டி மோதிக்கொள்ளும் ஊரில் ஒருமித்த கருத்து இந்த ஒன்றில்தான் இருக்கிறது. ஓடிப்போனவர்கள் தங்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க மாஃபியா தலைவர் தொன் சிச்சோவும் முன்வருகிறார். ஏதோ தொலைந்த மாட்டைத் தேடித் தருவது போன்ற ஊர்ச்சேவை மனப்பான்மையோடு.

ஒரு திருமணம் கெட்டுப்போவது என்பது இரண்டு பேருக்குள் நடப்பது. அதைக் கொலையாக மாற்றுவதற்கு ஊர் வேண்டும். படம் சிரிப்பது அந்த ஊரைப் பார்த்து.

மூன்றாம்மணி எழுதியது:

அப்படியானால் இன்னொரு சிக்கல். ஜெர்மி ஜெனோவாக்காரர், வடக்கு. தெற்கத்தியர்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டி வடக்கத்தியர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார் என்றும் சொல்லலாம் அல்லவா?

தெற்குச்சாளரம் எழுதியது:

சொல்லியிருக்கிறார்கள். ஓரளவு உண்மையும் உண்டு. புழுக்கம், மத்தியான உறக்கம், கறுப்பு உடை, மீசை என்று வெளியூர்க்காரர் எதிர்பார்க்கும் சிசிலி அத்தனையும் படத்தில் வரிசையாக வருகிறது. ஆனால் 587ஆம் பிரிவு பலெர்மோவில் எழுதப்பட்டதல்ல. ரோமில் எழுதப்பட்டு இத்தாலி முழுமைக்கும் பொருந்திய சட்டம். விவாகரத்து மறுக்கப்பட்டதும் நாடு முழுவதற்கும்தான். தலைப்பில் ‘சிசிலிய’ என்று போடாமல் ‘இத்தாலிய’ என்று போட்டதிலேயே ஜெர்மி தம் குறியைச் சொல்லிவிட்டார். மேலே குறிப்பிட்ட கட்சி நிர்வாகியையும் கவனியுங்கள்: அந்தக் காட்சியில் படம் கேலி செய்பவர்களில் வடக்கத்தியரும் ஒருவர்.

தெற்கு அசையாமல் கிடந்தது என்பதும் பொய். நான்கே ஆண்டுகள் கழித்து, 1965 டிசம்பரில், மேற்குச் சிசிலியின் அல்காமோ என்ற ஊரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண் கடத்தப்பட்டார். சீரழித்தவனையே மணந்துகொண்டால் குற்றம் மறையும் என்பது அன்றைய 544ஆம் பிரிவு. அவர் மணக்க மறுத்தார். தந்தை உடன் நின்றார். கடத்தியவன் சிறைக்குப் போனான். 587 நீங்கிய அதே 1981 சட்டத்தில்தான் 544உம் நீங்கியது. ஜெர்மி இந்த இன்னொரு பிரிவை மையமாக வைத்து 1964லேயே ஒரு படம் எடுத்துவிட்டார் என்பது தனி இழைக்குரிய விஷயம்.

வெயில்பறவை எழுதியது:

ஊரைப் பற்றி மாலைக்காட்சி எழுதியதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த ஊரில் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்பதை யாரும் சொல்லவில்லையே: கார்மெலோவின் மனைவி இம்மாகொலாட்டா. ஆஞ்செலாவின் தந்தையுடைய இறுதி ஊர்வலத்தில், எல்லோர் முன்னிலையிலும் ஃபெஃபேயின் முகத்தில் காறி உமிழ்கிறாள்: ஆண்பிள்ளையாக இருந்தும் இன்னும் சும்மா இருக்கிறானே என்று. அவன் கணக்கில் மிகப் பெரிய வரவு அதுதான். பிறகு அவன் நிதானமாகக் கிளம்பி அந்த மறைவிடத்தை அடைவதற்குள், அவள் போய்த் தன் கணவனைச் சுட்டுவிட்டாள். நாடகமில்லை, மனத்துக்குள் வழக்கறிஞர் இல்லை, ஒலிநாடா இல்லை. சட்டம் கற்பனை செய்த அந்த ‘ஆத்திரம்’ உண்மையிலேயே இருந்தது அவளிடம் மட்டும்தான். கருப்புக்கோட்டு ஐயா எடுத்துக்காட்டிய பிரிவிலும் ‘மனைவி’ என்றில்லை, ‘துணை’ என்றுதானே இருக்கிறது?

அடுத்து, கடைசிக் காட்சி. சிறையிலிருந்து திரும்பி ஆஞ்செலாவை மணந்துகொண்ட ஃபெஃபே, படகில் அவளை முத்தமிடுகிறான். அவளுடைய பாதம் இளம் படகோட்டியின் பாதத்தை உரசுகிறது. ‘வினை விதைத்தவன் வினை அறுத்தான்’ என்று சொல்லிக் கைதட்டுகிறவர்களே அதிகம். எனக்கு அந்த இடத்தில் ஆஞ்செலாவை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம். எப்படிச் செய்ய வேண்டும், எந்த வழக்கறிஞரை அமர்த்த வேண்டும், எத்தனை மாதத்தில் வெளியே வரலாம் என்பதெல்லாம் அனுபவத்தில் தெரியும். அவள் விளையாட்டாகக் காலை நீட்டுகிறாள். ரொசாலியாவுக்குப் படம் நியாயம் செய்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதே இன்னும் என் பதில். ஆனால் அடுத்த ரொசாலியா யார் என்பதைப் படம் மறைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கருப்புக்கோட்டு எழுதியது:

ஆம், சட்டத்தின் சொல் ‘துணை’தான், அந்த அளவில் இம்மாகொலாட்டாவும் அதே சலுகையைக் கோரலாம். ஆனால் அடுத்த சொற்களில் மகளும் சகோதரியும் இருக்கிறார்கள், மகனும் சகோதரனும் இல்லை. அந்த வாக்கியம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்பதற்கு அது போதும்.

ஆஞ்செலாவைப் பற்றிய உங்கள் அச்சம் சட்டப்படியும் சரியே. விவாகரத்துச் சட்டம் 1970 டிசம்பர் 1 அன்று நிறைவேறியது. அதை நீக்கக் கோரி 1974 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் நீக்கக் கூடாது என்று வாக்களித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இறந்த ஜெர்மி அந்த முடிவைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் அந்தச் சட்டத்தின்படி விவாகரத்துப் பெறுவதற்குமுன் தம்பதியர் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். 587ஆம் பிரிவோ 1981 வரை நீங்கவில்லை. ஆக, விவாகரத்து வந்த பிறகும் ஏறக்குறைய பதினோரு ஆண்டுக் காலத்துக்கு, ஃபெஃபே போன்ற ஒருவன் உட்கார்ந்து கணக்குப் போட்டால், விவாகரத்துக்கு ஐந்து ஆண்டு, கொலைக்கு மூன்று.